துக்கத்துக்குப் போகிற மூஞ்சி

சுன்போக்: சிரிக்காதடி! அத்தை இன்னும் வாசல்லதான் நிக்கறாங்க.

தாசொல்: நான் எங்க சிரிச்சேன்? நீங்கதான் உதட்டைக் கடிச்சுக்கிட்டு...

சுன்போக்: இது துக்கம். சாவு வீட்டுக்குப் போறவ மூஞ்சி இப்படித்தான் இருக்கும். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு.

தாசொல்: ...வளைவு தாண்டியாச்சுக்கா.

சுன்போக்: வீடு மறைஞ்சுதா?

தாசொல்: கூரைகூடத் தெரியல.

சுன்போக்: அப்பாடா.

தாசொல்: ஐயோ, எனக்கு வயிறு வலிக்குது! அத்தையைப் பாத்தீங்களா? கையில கரண்டி, வாய் பொளந்தபடி... "இன்னிக்கேவா செத்தா?"ன்னு கேட்டாங்களே!

சுன்போக்: சாகறவ அத்தைகிட்ட நாள் கேட்டுட்டா சாவா?

தாசொல்: அவங்க கஷ்டம் அவங்களுக்கு. நாளைக்கு சூசொக் பண்டிகைப் படையல். இன்னிக்கு பூரா ஜோன் அடை சுடணும். மீன் ஒரு கூடை, பூசணி ஒரு கூடை, காளான் வேற... ஒவ்வொண்ணா மாவுல புரட்டி, முட்டையில முக்கி, கல்லுல போட்டு எடுத்து... இந்த நேரம் பாத்து ரெண்டு மருமகளும் மாயம்!

சுன்போக்: ரெண்டு பேருக்கும் சேத்து அத்தை சுடட்டும்.

தாசொல்: இந்த யோசனை உங்களுக்கு எப்படிக்கா வந்துச்சு?

சுன்போக்: எந்த யோசனை?

தாசொல்: தீட்டு! சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ முன்னோர் படையல் சாமானைத் தொடக்கூடாது. அத்தையே ஓயாம சொல்ற சட்டம். அதை வச்சே அவங்க வாயை அடைச்சீங்க பாருங்க... வாழ்க்கைப்பட்ட முப்பது வருஷத்துல இது ஏன் உங்களுக்கு முன்னாலயே தோணல?

சுன்போக்: முன்னால யாரும் சாகல.

தாசொல்: இப்ப மட்டும் செத்தாங்களாக்கும்! "ஓக்புன், என் பள்ளிக்கூடத்து சிநேகிதி"ன்னு பேரெல்லாம் வச்சு... அதைச் சொல்றப்போ ஒரு பெருமூச்சு விட்டீங்களே, அத்தை அதுலதான் கவுந்தாங்க.

சுன்போக்: ...ஆமா. நல்லா விட்டேன்ல.

தாசொல்: அதோட விட்டீங்களா, "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, சின்னவ வரட்டும்"ன்னு என்னையும் மீட்டு விட்டீங்க. புண்ணியவதி!

சுன்போக்: எனக்கு நிஜமாவே ஓட்டத் தெரியாது. புண்ணியம் ஒண்ணும் இல்ல.

தாசொல்: அப்போ கடலுக்குத்தானே? யோங்தொக் துறைமுகத்துல, ஐஸ் மிதக்கற மீன் சூப்பு. ஒரு பெரிய கிண்ணம் நானே தனியா சாப்பிடுவேன்.

சுன்போக்: கடலுக்குத்தான். மத்தியானத்துக்குள்ள போயிடணும்.

தாசொல்: ஏன், மத்தியானத்துக்கு மேல கடல் இருக்காதா?

சுன்போக்: அதுக்கப்புறம்... நல்ல மீன் தீந்துடும். இந்தா தாசொல், உன்கிட்ட ஒரு விஷயம்...

வண்டி: வணக்கம். வண்டிக்குள் மிகவும் மகிழ்ச்சியான சூழல் நிலவுகிறது. ஓட்டுநர்: ஆனந்தம். பயணி: ஆனந்தம். இந்த இனிய தருணத்தை உங்கள் குடும்பத்தினருடன் பகிர்ந்துகொண்டேன்.

சுன்போக்: யாருடி அது?

தாசொல்: வண்டிக்கா.

சுன்போக்: என் ஆனந்தம் வண்டிக்கு எப்படித் தெரியும்?

தாசொல்: கண்ணாடிக்கு மேல கறுப்பா பொத்தான் மாதிரி இருக்குல்ல, அது நம்ம மூஞ்சியைப் பாக்கும். ஸ்டியரிங் என் கை வேர்வையைப் பாக்கும். ரெண்டு பேர் குரலையும் கேக்கும். எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு, மனசு எப்படி இருக்குன்னு சொல்லும். உங்க கொழுந்தனார் கம்பெனியில செஞ்சதுதான். 'மனசு'ன்னே பேர் வச்சிருக்காங்க.

சுன்போக்: கியூஹோ செஞ்சானா? சின்ன வயசுல அவனுக்குப் பசிக்குதா தூக்கம் வருதான்னே அவனுக்குத் தெரியாது.

தாசொல்: அதனாலதான் செஞ்சாரோ என்னவோ. கோவத்துல ஓட்டக்கூடாது, தூக்கத்துல ஓட்டக்கூடாதுன்னு நல்ல எண்ணம்தான்...

சுன்போக்: நல்லதுதான். 'பகிர்ந்துகொண்டேன்'னு சொல்லுச்சே, அது யாரோட?

தாசொல்: ...ஐயய்யோ.

சுன்போக்: என்னடி ஐயய்யோ?

தாசொல்: கியூஹோவுக்கு மட்டும்தான் போகும்னு நினைச்சுட்டேன். போன வாரம் அத்தை போன்லயும் அதைப் போட்டுக் குடுத்தார், மறந்தே போச்சு. நாம வண்டியில எப்படி இருக்கோம்னு அங்க ஒரு மூஞ்சி வரும். சிரிச்சா மஞ்சள் மூஞ்சி, அழுதா நீலம், கோவம்னா சிவப்பு.

சுன்போக்: இப்போ என்ன போயிருக்கும்?

தாசொல்: ரெண்டு மஞ்சள். கை தட்டற மஞ்சள்.

சுன்போக்: சாவுக்குப் போறவளுக்கா!

தாசொல்: சிரிக்காதீங்கக்கா, இன்னொண்ணு போயிடும்!

சுன்போக்: நீதான் சிரிக்கறே! அதை அணைச்சுத் தொலையேன்!

தாசொல்: அணைச்சா 'பகிர்வு நிறுத்தப்பட்டது'ன்னு எல்லாருக்கும் மணி அடிக்கும். ஏதோ ஆபத்துன்னு அர்த்தம். கியூஹோ அடுத்த நிமிஷம் போன் பண்ணுவார்.

சுன்போக்: நாம எந்த ரோட்டுல போறோம்கிறதும் தெரியுமா?

தாசொல்: சேச்சே, அது தெரியாது. எங்க போறோம்கிறது அவங்கவங்க சொந்த விஷயமாம். அதை வெளியில காட்டக்கூடாதுன்னு கம்பெனியில கறாரா சொல்லிட்டாங்களாம்.

சுன்போக்: மனசுக்குள்ள என்ன இருக்குங்கறது?

தாசொல்: அது பரவாயில்லையாம்.

சுன்போக்: நல்லா இருக்குடி ஞாயம்.

வண்டி: ஓட்டுநரிடம் பதற்றம் தெரிகிறது. மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள். உங்களுக்காகப் பைன் காட்டின் நறுமணத்தைத் திறக்கிறேன்.

சுன்போக்: தூ... என்ன நாத்தம் இது? கக்கூஸ் கழுவற தண்ணி மாதிரி.

தாசொல்: பைன் காடாம்.

சுன்போக்: நான் பைன் காட்டுல பொறந்தவ. காட்டுல இப்படி வந்தா ஓடிப் போயிருப்போம்.

வண்டி: கியூஹோவிடமிருந்து செய்தி. படிக்கிறேன். "தாசொல், அம்மா போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரா காட்டறாங்க. நீயும் அண்ணியும் ஆனந்தம்னு வருது. எந்த ஊர்ல சாவுக்கு ஆனந்தமாப் போவாங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல?"

சுன்போக்: வண்டியில கோளாறுன்னு சொல்லச் சொல்லு.

தாசொல்: அவர்கிட்டயா? 'மனசு' தப்பே பண்ணாதுங்கறதுதான் அவருக்குக் குலப்பெருமை. கோளாறுன்னா நாளைக்குப் படையலை விட்டுட்டு வண்டியைப் பிரிச்சு உக்காந்துடுவார்.

சுன்போக்: அப்போ துக்கத்துல சில பேருக்குச் சிரிப்பு வரும்னு சொல்லச் சொல்லு. வருமே! எங்க தாத்தா சாவுல எங்க பெரியப்பாவுக்கு...

வண்டி: கியூஹோவிடமிருந்து இன்னொரு செய்தி. "சோதிச்சுப் பாத்துட்டேன், கோளாறு இல்ல. அம்மா சொல்றாங்க: சாவு வீட்டு வாசலை இன்னும் மிதிக்கலைன்னா தீட்டு ஒட்டலை. ரெண்டு பேரையும் அப்படியே திரும்பி வரச் சொல்லு. மாவு கரைச்சு வச்சிருக்கு."

தாசொல்: மாவு கரைச்சாச்சாம்.

சுன்போக்: திரும்பறதுக்கு இல்ல.

தாசொல்: அக்கா...

சுன்போக்: திரும்பறதுக்கு இல்லன்னு சொன்னேன். இன்னிக்கு விட்டா விட்டதுதான். நீ ஓட்டலைன்னா கதவைத் திறந்து விடு, நடந்தே போறேன்.

தாசொல்: ஒரு கிண்ணம் மீன் சூப்புக்கா இத்தனை வைராக்கியம்?

சுன்போக்: ஆமா. மீன் சூப்புக்குத்தான்.

தாசொல்: சரி, அப்போ ஒரே வழிதான். நீல மூஞ்சி அனுப்பணும். அழணும்.

சுன்போக்: அழு.

தாசொல்: நானா? செத்தது உங்க சிநேகிதி!

சுன்போக்: ஓட்டறது நீ. கை வேர்வை எல்லாம் உன்னுதுதானே.

தாசொல்: நீங்க அழுதா ஒரே சொட்டுல முடியும். வயசானவங்க அழுதா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு.

சுன்போக்: எனக்கு வராதுடி. முப்பது வருஷமா அந்த வீட்டு வெங்காயத்துக்கே எல்லாம் செலவாயிடுச்சு. இரு, எதுக்கும் முகக்கவசத்தை மாட்டிக்கறேன்.

வண்டி: பயணியின் முகம் மறைந்துள்ளது. பரவாயில்லை. குரலை வைத்துக் கணிக்கிறேன்.

சுன்போக்: விடாது போலிருக்கே சனியன்! நீ ஆரம்பி.

தாசொல்: இருங்க... கண்ணை இடுக்கி... உதட்டை இழுத்து... ம்ம்ம்...

வண்டி: ஓட்டுநருக்குத் தூக்கம் வருகிறது. எழுப்புகிறேன்.

தாசொல்: அய்யோ! சீட்டு நடுங்குது!

சுன்போக்: எனக்கும் நடுங்குதுடி! எனக்கு எதுக்கு? நான் என்ன பண்ணேன்?

தாசொல்: முழிச்சிருக்கேன், முழிச்சிருக்கேன்! நிறுத்து! ...சே. கண்ணை வச்சு ஆகாது. குரல்ல பாக்கறேன். ஊ... ஊஊ... ஹ்ம்ம்ம்...

வண்டி: ஓட்டுநருக்கு வயிற்றில் சங்கடம் இருக்கலாம். சற்றுத் தொலைவில் ஓய்விடம் உள்ளது. கழிப்பறைகள் சுத்தமாக உள்ளன. இந்தத் தகவலைக் குடும்பத்தினருடன் பகிர்ந்துகொண்டேன்.

தாசொல்: என்னது!

சுன்போக்: அதுக்கு எந்த நிறம்டி? பச்சையா?

தாசொல்: சிரிக்காதீங்க! நீங்க சிரிச்சா எனக்கும்... ஐயோ அக்கா, என் மானமே போச்சு... மாமனாரும் அந்தப் போனைப் பாப்பார்...

வண்டி: மகிழ்ச்சி திரும்பியதில் மகிழ்ச்சி. பகிர்ந்துகொண்டேன்.

சுன்போக்: போச்சு. இன்னும் ரெண்டு மஞ்சள்.

தாசொல்: இப்படி ஆகாதுக்கா. எனக்குச் செத்தவங்களைப் பத்தி ஏதாவது தெரிஞ்சாதானே அழ வரும்? ஓக்புன் எப்படிப்பட்டவங்க, சொல்லுங்க. திரும்பிப் போனா அத்தை குறுக்கு விசாரணை பண்ணுவாங்க, ரெண்டு பேர் கதையும் ஒத்துப்போகணும்.

சுன்போக்: ...கதையா.

தாசொல்: கற்பனை பண்ணிச் சொல்லுங்க. என்ன வேலை பண்ணினாங்க?

சுன்போக்: மீன் வித்தா. சின்ன லாரியில. காய்ஞ்ச கணவாய், உப்புக் கானாங்கெளுத்தி. கூரையில ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராப் போவா.

தாசொல்: நல்லா இருக்கே. அப்புறம்?

சுன்போக்: "கணவாய் வந்திருக்கு, கணவாய்"னு அவ குரலையே பதிவு பண்ணி ஓடவிடுவா. நடுவுல ஒரு இருமல் விழுந்துடுச்சு. "கணவாய் வந்திருக்கு... க்கும்! ...கானாங்கெளுத்தி!" அதோடயே பத்துப் பதினஞ்சு வருஷம் ஓட்டினா.

தாசொல்: மாத்திப் பதிய வேண்டியதுதானே!

சுன்போக்: நானும் அதைத்தான் சொன்னேன். "இருமலை எடுத்துட்டா வந்தது நான்னு எவளுக்குடி தெரியும்?"னா. நிஜம்தான். அந்த இருமல் கேட்டாதான் பொம்பளைங்க சட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய வருவாங்க. வேற மீன்காரன் சும்மா கத்தினா ஒரு நாய்கூட எட்டிப் பாக்காது.

தாசொல்: அக்கா, நீங்க கதை எழுதப் போயிருக்கலாம்! இதெல்லாம் எங்கிருந்து வருது?

சுன்போக்: வருது. வாய்க்கு வர்றதுதான். ஒருதரம் ஊர்ப் பாட்டுப் போட்டியில மேடை ஏறினா. முதல் வரி பாடி முடிக்கறதுக்குள்ள 'டிங்'குனு மணி அடிச்சு, போதும், இறங்குன்னுட்டாங்க. இறங்கணுமா இல்லையா? "நீ அடிச்ச மணிக்குச் சுருதி சரியில்ல, மறுபடி அடி"ன்னு நின்னுட்டா!

தாசொல்: ஹய்யோ...

சுன்போக்: நான் கீழ உக்காந்து தலையில முக்காடு போட்டுக்கிட்டேன். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பாத்துக் கத்தறா: "சுன்போக்! மூஞ்சியை மூடாதடி! உனக்காகத்தான் பாடறேன்!"

வண்டி: பயணி: கனிவு, ஆனந்தம். ஆனந்தம் உச்சத்தில் உள்ளது.

தாசொல்: கதை சொல்ற உங்களுக்கே இப்படி இருந்தா நான் எங்க அழறது? சாவு பக்கம் வாங்க. எப்படிச் செத்தாங்க?

சுன்போக்: வயித்துல கட்டி. போன இலையுதிர்காலத்துல தெரிஞ்சுது... வேணாம், கதைக்கு அது ஜாஸ்தி. தூக்கத்துல போயிட்டான்னு வச்சுக்கோ.

தாசொல்: சரி. கடைசியா நீங்க எப்போ பாத்தீங்க? அத்தை இதைக் கண்டிப்பா கேப்பாங்க.

சுன்போக்: பாக்கல. வசந்தத்துல வரேன்னு சொன்னேன். வீட்டுல ஒரு திதி வந்துச்சு. மழைக்காலத்துல வரேன்னு சொன்னேன். இன்னொரு திதி. செத்தவங்களுக்குச் சுட்டுப் போட்டுக்கிட்டே இருந்ததுல உசிரோட இருக்கறவளை...

வண்டி: பயணியின் குரலில் ஒரு நடுக்கத்தைக் கவனிக்கிறேன். உங்களுக்கு...

சுன்போக்: முட்டை! அவிச்ச முட்டை தொண்டையில மாட்டிக்குச்சு! க்கும்! தண்ணி குடு தாசொல், தண்ணி!

தாசொல்: இந்தாங்க, இந்தாங்க. மெதுவா...

வண்டி: நடுக்கம் நின்றுவிட்டது. நலமாக இருங்கள்.

சுன்போக்: உன் நலத்துல தீயை வைக்க.

தாசொல்: ...முகக்கவசத்துக்குள்ள எப்படிக்கா முட்டை சாப்பிட்டீங்க?

சுன்போக்: பேசாம ஓட்டுடி.

வண்டி: கியூஹோவிடமிருந்து செய்தி. "ஆனந்தம் உச்சம்னு வந்திருக்கு. அம்மா செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க. இப்போ திரும்பலைன்னா வாடகை வண்டி பிடிச்சு அவங்களே அந்தச் சாவு வீட்டைத் தேடி வராங்களாம். எந்த ஆஸ்பத்திரி துக்க மண்டபம்னு கேக்கறாங்க. என்ன நடக்குது தாசொல்?"

சுன்போக்: வந்துடுவாங்க. அவங்க வந்துடுவாங்கடி. வந்து மண்டபத்து வாசல்ல நின்னு... ஐயோ, அங்க வந்து கத்தக்கூடாது. அங்க மட்டும் கூடாது...

தாசொல்: எங்கக்கா? சூப்புக் கடையிலயா?

சுன்போக்: ...ஆமா. சூப்புக் கடையில.

தாசொல்: வரமாட்டாங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

சுன்போக்: என்ன பண்ணப் போறே?

தாசொல்: இந்த வண்டி வந்து எட்டு மாசம் ஆச்சு. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நான் இதுக்குன்னு ஒரு மூஞ்சி வச்சிருக்கேன். ஏறும்போதே மாட்டிக்குவேன். சிரிப்பும் இல்ல, அழுகையும் இல்ல, துணிக்கடையில பொம்மை நிக்குமே, அப்படி.

சுன்போக்: எதுக்குடி?

தாசொல்: ஆரம்பத்துல ஒருநாள் ஆபீஸ்ல இருந்து வந்துக்கிட்டிருந்தேன். ஆத்துப் பாலம் ஏறும்போது மனசு என்னமோ மாதிரி ஆச்சு. காரணமெல்லாம் இல்ல. தண்ணி சாம்பல் நிறத்துல ஓடிச்சு, ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போனார், அவ்வளவுதான். எனக்கு அப்படி அப்பப்போ வரும். சின்ன வயசுலேர்ந்தே. வந்துட்டுப் போயிடும்.

சுன்போக்: ம்.

தாசொல்: சாயந்திரம் சாப்பிடறப்போ கியூஹோ கேட்டார், "பாலத்துல எதுக்கு வருத்தப்பட்டே?"ன்னு. அன்பாத்தான் கேட்டார். சோத்தை நிறுத்திட்டு, கையைப் பிடிச்சுக்கிட்டு... ஒண்ணுமில்லைன்னேன். நம்பல. அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தி திட்டினான்னு ஒரு பொய் சொன்னேன். அவருக்கு நிம்மதியாயிடுச்சு. மறுநாள் பாலத்துல ஏறினேன், எனக்கு அந்தத் திட்டுதான் ஞாபகம் வருது. நடக்காத திட்டு!

சுன்போக்: அட கடவுளே.

தாசொல்: காரணமே இல்லாம எனக்குன்னு ஒரு சின்ன வருத்தம் இருந்துச்சுக்கா. யாருக்கும் அதுல பங்கு இல்ல. அதைக் கேட்டுக் கேட்டே... இப்போ அது வர்றதே இல்ல. பாலம் வந்தா எனக்கு மூஞ்சியைச் சரி பண்ணத்தான் நேரம் இருக்கு. நான் அதைத் தொலைச்சுட்டேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அவர் அதையும்...

வண்டி: ஓட்டுநர்: வருத்தம். ஆழமான வருத்தம்.

சுன்போக்: தாசொல்... கண்ணைத் துடைச்சுக்கோ. ரோடு தெரியாது.

தாசொல்: நடிப்புக்கா. நல்லா வருதா?

வண்டி: இது உண்மையான வருத்தம். ஐயத்துக்கு இடமில்லை. குடும்பத்தினருடன் பகிர்ந்துகொண்டேன்.

தாசொல்: வாயை மூடு!

வண்டி: கோபத்தையும் கவனிக்கிறேன்.

சுன்போக்: இதை எதைக் கொண்டு அடிச்சாத் தகும்? இந்தா, மூக்கைச் சிந்து. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கறேன்.

தாசொல்: விடுங்கக்கா! உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியாதே!

சுன்போக்: ...எனக்காக இதையெல்லாம் எடுத்துக் குடுத்திருக்க வேணாம்டி.

தாசொல்: சூப்புக்காகத்தானே. விடுங்க.

வண்டி: கியூஹோவிடமிருந்து செய்தி. "நீலம் வந்துடுச்சு. அம்மா செருப்பைக் கழட்டிட்டாங்க. பாவம், சின்னவளே இப்படி அழறாளேன்னு அவங்க கண்ணும் கலங்கிடுச்சு. நிதானமாப் போயிட்டு வாங்க. வீட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னால தீட்டுப் போக மேல தூவிக்க வாசல்ல உப்பு வச்சிருக்கு. ஜோனை அண்ணனும் நானும் சுடறோம். அண்ணன் விரலைச் சுட்டுக்கிட்டார். காளானுக்கு மாவு எந்தப் பக்கம்?"

சுன்போக்: உள்பக்கம்! முப்பது வருஷமாத் தின்னிருக்காரு, எந்தப் பக்கம்னு தெரியாதா என் வீட்டுக்காரருக்கு?

தாசொல்: அண்ணன் சுடறாராக்கா? ஜோனா?

சுன்போக்: இதைப் பாக்கறதுக்காவது திரும்பிப் போகலாம் போலிருக்கே! அந்த மனுஷனுக்கு அடுப்பு எந்த மூலையில இருக்குன்னே தெரியாதுடி!

தாசொல்: சிரிக்காதீங்க, மறுபடி மஞ்சள்...

வண்டி: கியூஹோவிடமிருந்து இன்னொரு செய்தி. இது ஓட்டுநருக்கு மட்டும். "தாசொல், உனக்கு அந்த அம்மாவை யாருன்னே தெரியாது. நீ எதுக்கு இவ்வளவு அழறே? ராத்திரி பேசலாமா?"

தாசொல்: பாத்தீங்களா.

சுன்போக்: என்ன சொல்லப் போறே?

தாசொல்: தெரியல. இந்தத் தடவை நிஜத்தைச் சொல்லிப் பாக்கறேன். வண்டியில இல்ல. எங்கயாவது நடந்துக்கிட்டே.

சுன்போக்: சொல்லு. அவன் மண்டைக்குள்ள ஏற நாளாகும். ஆனாக் கெட்டவன் இல்ல. ...அது கடலா?

தாசொல்: ஆமா, அந்தக் கோடு.

சுன்போக்: எவ்வளவு கிட்ட இருந்திருக்கு பாரு. ஒரு மணி நேரம்கூட ஆகல... தாசொல், இங்க பாரு. ஊருக்குள்ள போறதுக்கு முன்னால ஒரு திருப்பம் வரும். நீ அதுல திரும்பி... சூப்பு அப்புறமாச் சாப்பிடலாம். அதுக்கு முன்னால ஒரு இடத்துக்கு நான்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ கோவிச்சுக்கக்கூடாது.

தாசொல்: இப்போ எதுவும் சொல்லாதீங்கக்கா.

சுன்போக்: இல்லடி, திருப்பம் வந்துடும், நீ நேரா போயிடுவே...

தாசொல்: திரும்பிட்டேன்.

சுன்போக்: நான் இன்னும் எந்தத் திருப்பம்னு...

வண்டி: நீங்கள் குறித்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டீர்கள். மருத்துவமனை, பின்வாசல், துக்க மண்டபம்.

சுன்போக்: ...தாசொல்?

தாசொல்: வண்டியை அணைச்சுட்டேன். இறங்குங்க. இப்படி, அந்தப் பக்கம் தள்ளி வாங்க, கண்ணாடி வழியாக்கூடத் தெரியக்கூடாது. முகக்கவசத்தைக் கழட்டுங்க. மூச்சு முட்டும்.

சுன்போக்: நீ கடலுக்குன்னுதானே கிளம்பினே? இதை எப்போ குறிச்சே?

தாசொல்: வீட்டு வாசல்லயே. நீங்க செருப்புப் போட்டுக்கிட்டிருந்தப்போ.

சுன்போக்: உனக்குத் தெரியுமா? நிஜம்னு தெரியுமா?... நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்டி, அதுக்குள்ள வண்டி பேசிடுச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது? நான் ஒரு சொட்டு விட்டாலும் என் ஓக்புன் அத்தை போன்ல நீலப் பொம்மையா வந்து நிப்பா. அதுக்கு அவங்க என்னைப் பொய்க்காரின்னே நினைச்சுக்கட்டும்னு... ஆனா நீ... நீ அவ்வளவு சிரிச்சியே! வயிறு வலிக்குதுன்னு...

தாசொல்: நேத்து கொல்லையில சோயா ஜாடிக்குப் பின்னால உக்காந்து போன்ல பேசினீங்க. பூண்டு எடுக்க வந்தேன், ஆஸ்பத்திரி பேரோட எல்லாம் காதுல விழுந்துச்சு. "மத்தியானம்தானே பெட்டிக்குள்ள வைக்கறீங்க, நான் வந்து மூஞ்சியைப் பாக்கற வரைக்கும் மூடிடாதீங்க"ன்னு கெஞ்சினீங்க. இந்த வண்டியில துக்கத்தோட ஏறினா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க, மஞ்சளா இருந்தா ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. எட்டு மாசமா எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதுதான். அதான் சிரிச்சேன், உங்களையும் சிரிக்க வச்சேன். சாவுக்குப் போறப்போ மஞ்சள்தான் தப்புன்னு எனக்குத் தோணவே இல்லக்கா, மன்னிச்சுக்கோங்க... வாங்க, கையைக் குடுங்க. இன்னும் மத்தியானம் ஆகல, மூடியிருக்க மாட்டாங்க.